விட்டு வந்த ஊரிலிருந்து வந்த போன்

என் மாப்பிள்ளை குமரேசனுக்கு, முப்பது வருஷம் கூடவே இருந்தும் உன்னைக் காப்பாற்றத் தெரியாமல் போன செல்வராசு எழுதுவது.

எழுத உட்கார்ந்துவிட்டேனே தவிர, இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேரை மறைக்காமல் எழுதச் சொன்னது மேகலாதான். நான் தயங்கியபோது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மறச்சு வெச்ச வரைக்கும் போதுங்ணா."

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரியாது, சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே ரிக் வண்டி. நீ ஆழ்குழாய்க் கிணறு போடுகிற டிரில்லர், நான் அந்த வண்டிக்கு மேனேஜர். என் தங்கை மேகலாவை உனக்குக் கட்டிக் கொடுத்த பிறகு நாலு பேர் முன்னால் 'வாங்க மாப்பிள்ளை' என்று மரியாதை கொடுத்தேன். கேபினுக்குள் ஏறிவிட்டால் பழையபடி 'டேய்'தான்.

போன ஆவணியில் நீ செத்துப்போனாய். ரத்தமாக இருமினாய். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பள்ளிபாளையம் பாலம் ஏறும்போது, என் மடியில் உன் தலை கனத்துவிட்டது. ரிக் தூசி நுரையீரலை அரித்துவிட்டது என்று ஊரே சொன்னது. நானும் அதைத்தான் சொன்னேன். அப்போது எனக்கு அதுதான் உண்மை.

அதன் பிறகு ஊரில் உன்னைப் பற்றி வேறொரு பேச்சு கிளம்பியது. இது உன் காதுக்கு எட்டியதோ என்னவோ. கார்த்திகையில் உன் மகள் யாழினிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கும், காலையில் வேர்த்து நனைந்து கிடப்பாள். சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் மேகலா ஊக்குக் குத்தி அனுப்பினாள். ஆறு வயதுப் பிள்ளை, விளையாடக் கூப்பிட்டால் 'கால் வலிக்குது' என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்பனை நினைத்து ஏங்குகிறாள் என்றார்கள் முதலில். அது எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. நீ ஊருக்கு வந்தால் அவள் உன் தோளை விட்டு இறங்கமாட்டாள் என்று தெருவுக்கே தெரியுமே. டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வீட்டில் யாருக்காவது ஏதாவது வியாதி உண்டா என்று அவர் கேட்டார். மேகலா இல்லை என்றாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் காய்ச்சலுக்கும் பசிக்கும் டானிக் எழுதிக் கொடுத்தார்.

மார்கழியில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது, கோலிக்குண்டு அளவுக்கு. வெண்ணந்தூர்ப் பக்கம் குறி சொல்கிற ஒரு அம்மாவிடம் யாரோ கூட்டிப் போனார்கள். அந்த அம்மா விபூதியைப் பூசிவிட்டு, "அப்பன் கூப்புடறான். அவன் உசுரு இந்தப் புள்ள மேலதான் நிக்குது. படையல் வெச்சு உட்ரச் சொல்லிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து உன் தெருவில் நீ உன் மகளைக் கொண்டுபோகப் பார்க்கிற ஆள் ஆகிவிட்டாய்.

நீ கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். எப்படித் தெரியும் என்பதை உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்கே அது தெரியாமல்தான் நீ போனாய்.

மாசி மாதம் நாம் மத்தியப் பிரதேசத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சின்ன ஊர், கோதுமைக் காடு, பாறை பாறையாக மண். நீ அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இருமிக்கொண்டிருந்தாய். ரிக்கில் இருமாதவன் யார்? ஆழ்குழாய் போர் போட்டு முடித்ததும் எல்லோரும் ஆளுக்கொரு அச்சு வெல்லம் வாயில் போடுவோம், தூசி கீழே இறங்கிவிடும் என்று. உனக்கு நான் இரண்டு அச்சு கொடுத்தேன். அதுதான் நான் உனக்குப் பார்த்த வைத்தியம்.

அந்த ஊரில் ஒரு நாள் கம்ப்ரசர் ரிப்பேர். சும்மா இருக்கிற நாளாயிற்றே என்று நீயே நடந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஒரு சின்ன டப்பாவில் சளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள் என்று வந்து சொன்னாய். உன் போன் முந்தின வாரம் சேற்றுக் குழிக்குள் விழுந்து செத்திருந்ததால் என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். "ரெண்டு மூணு நாள்ல சொல்லுவாங்களாம் மச்சான்" என்றாய். மறுநாளே கம்ப்ரசர் சரியாகிவிட்டது. போர் முடிந்தது, வண்டி கிளம்பிவிட்டது. ரிக் எந்த ஊரில் மூன்று நாள் நின்றிருக்கிறது?

அங்கே கடைசியாகப் போட்ட போரில் தண்ணீர் வரவில்லை. எழுநூறு அடிக்கும் வெறும் தூசிதான் புகையாக வந்தது. அந்த விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இப்படி ஆன இடத்திலிருந்து ரிக்காரர்கள் எப்படிக் கிளம்புவோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சீக்கிரம் கிளம்புவோம். அதற்கப்புறம் அந்த ஊர் நம்பர் எது வந்தாலும் எடுக்கமாட்டோம். விட்டு வந்த ஊரிலிருந்து வருகிற போன் தண்ணீர் வராதவன் போன்தான். எடுத்தால் திட்டுவான், அழுவான், மறுபடியும் வந்து போட்டுக் கொடு என்பான். இது எங்கள் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கிற பழக்கம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் இதை வாய் கிழியப் பாடம் எடுத்தவன் நான்.

நாலாவது நாள் மதியம். அடுத்த ஜில்லாவுக்குப் போகும் ரோட்டில் ஒரு தாபாவில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. தெரியாத நம்பர், அந்தப் பக்கத்து நம்பர். நான் எடுத்துப் பார்த்துவிட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்தேன்.

"எடுங்க மச்சான், பாவம். என்னன்னு கேளுங்க" என்றாய் நீ.

"எடுத்தா ஒரு மணி நேரம் இந்தியில திட்டுவான். நீ கேட்டுக்கறயா?"

"திட்டுனா திட்டீட்டுப் போறான். தண்ணி இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்?"

"உனக்கு எரக்கம் ரொம்பத்தான் மாப்ள. பேசாம ரொட்டியத் தின்னு."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறி, ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே போய்க் குனிந்து நின்றாய். அதற்குள் மறுபடியும் அடித்தது. கட் பண்ணினேன். அன்றைக்கும் மறுநாளும் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த நம்பரை வராமல் தடுத்து வைத்துவிட்டேன். உன் ரிசல்ட் என்ன ஆச்சு என்று நீ ஒரு தடவை கேட்டாய். "ஒண்ணும் இல்லேன்னாத்தான் போன் பண்ணமாட்டாங்க" என்று நானே டாக்டர் மாதிரிச் சொன்னேன். நீயும் நம்பினாய். நான் சொன்னதை நீ எப்போதுதான் நம்பாமல் இருந்தாய்?

நீ போன பிறகு, ஐப்பசியில், ரிக் மறுபடியும் அந்தப் பக்கம் போனது. கேபினில் சில்லறைச் சாமான் போடுகிற பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு மஞ்சள் சீட்டு கிடைத்தது. உன் பேர் இந்தியில் எழுதியிருந்தது, கீழே என் நம்பர். அங்கே நமக்கு வேலை பிடித்துத் தருகிற ஏஜென்ட், நம் ஊர்க்காரன், இந்தி படிக்கத் தெரிந்தவன். சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. போகாமல் இருந்திருந்தால் பாப்பா இன்றைக்கு எங்கே இருப்பாள்?

அங்கிருந்த ஆள் ஒரு பெரிய நோட்டை எடுத்துத் திருப்பினார். உன் பேர் வந்தது. ஏஜென்ட் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அண்ணா, டி.பி.ங்கண்ணா. சளியில நல்லாத் தெரிஞ்சிருக்குதாம். மருந்துக்கு அடங்கற வகைதானாம்." பக்கத்தில் சின்னச் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். போன் எடுக்கவில்லை. போன் எடுக்கவில்லை. போன் துண்டிப்பு. நேரில் ஆள் அனுப்பினோம், வண்டி போய்விட்டது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த மனுஷர் உன்னைத் தேடி வேகாத வெயிலில் சைட்டுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார், மாப்பிள்ளை. பாஷை தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருவனுக்காக. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு அவர் போனைக் கட் பண்ணியிருக்கிறேன். அதற்கப்புறம் நீ ஆறு மாதம் உயிரோடு இருந்தாய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போகிற நோயாம் அது. அந்த ஆறு மாதமும் நீ என் கண் முன்னால்தான் உருகினாய், நான் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து மேகலாவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அவள் உள்ளே உன் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். 'என் அண்ணன்தான் என் புருஷனைக் கொன்றான்' என்று அவள் நினைக்கப்போகிறாளே என்று வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். செத்தவன் செத்துவிட்டான், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டி.பி. என்று தெரிந்தால் அவள் வேலை பார்க்கிற தறிப் பட்டறையில் தண்ணீர் டம்ளரைத் தனியாக வைப்பார்கள், பாப்பாவோடு யாரும் பிள்ளையை விளையாட விடமாட்டார்கள் என்றும் காரணம் கண்டுபிடித்தேன். காரணத்துக்கா பஞ்சம்? நான் மேனேஜர், பேசிச் சமாளிப்பதுதான் என் வேலையே.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான். அது தொற்றுகிற நோய் என்று எனக்குத் தெரியாதா? உன் லீவு நாட்களில் அவள் உன் நெஞ்சு மேலேயே படுத்துத் தூங்கியதை நான் பார்க்கவில்லையா? இருந்தாலும் இது வெறும் ஏக்கம்தான், சரியாகிவிடும் என்று ஊரோடு சேர்ந்து நானும் நம்பப் பார்த்தேன். மூன்று மாதம், மாப்பிள்ளை. உன் விஷயத்தில் நான் தெரியாமல் செய்தேன். அவள் விஷயத்தில் தெரிந்தே செய்தேன். இதற்கு எந்தச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தை அமாவாசை வந்தது. வருஷம் திரும்பாத வீட்டில் படையல் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். குறி சொன்ன அம்மா வைக்கச் சொல்லிவிட்டதால் மேகலா கேட்கவில்லை. காலையிலிருந்து அவளே எல்லாம் செய்தாள். உனக்குப் பிடிக்கும் என்று பச்சைப்பயறு கடைந்தாள், இனிப்புக் கச்சாயம் சுட்டாள். உன் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் பரிமாறினாள். பாப்பாவை அதற்கு எதிரில் ஒரு பாயில் படுக்க வைத்திருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது.

கற்பூரம் காட்டிவிட்டு மேகலா போட்டோவுக்கு முன்னால் மண்டி போட்டாள். எல்லோரும் வேண்டிக்கொள்வது போல மனசுக்குள் வேண்டுவாள் என்று நினைத்தேன். அவள் உன்னிடம் பேசினாள், நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல.

"ஏனுங்க, உங்களுக்கு நான் என்ன கொற வெச்சேன்? தனியா இருக்க முடியலீன்னா என்னயக் கூப்புடுங்க, நா வாரேன். இப்பவே வாரேன். பாப்பாவ உட்ருங்க. சின்னப் புள்ளைங்க அவ. உங்க காலுல உளுந்து கேக்கறேன், என்ற புள்ளய உட்ருங்க."

நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். நான் உன் போட்டோவைப் பார்த்தேன். கல்யாணத்தன்று எடுத்தது, மீசையை முறுக்கி விட்டுக்கொண்டு நிற்கிறாய். ஊருக்கெல்லாம் இரக்கப்படுகிறவன் நீ. முகம் தெரியாத விவசாயியின் போனை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவன். உன்னைப் பார்த்து உன் பெண்டாட்டி, பிள்ளையைக் கொல்லாதே என்று கும்பிடுகிறாள். செய்தவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அம்மணி, எந்திரி" என்றேன். அவள் எழவில்லை. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாப்ள கூப்புடல அம்மணி. அவனுக்கு டி.பி. இருந்துச்சு. பாப்பாவுக்கும் அதுதான் இருக்கோணும். எனக்கு ஐப்பசியிலயே தெரியும்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, போன், தாபா, மஞ்சள் சீட்டு, நோட்டு, ஒன்று விடாமல். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாயிலிருந்து பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டாள். "வண்டிய எடுங்க" என்றாள். யாரோ ஒரு பெண், "காக்காய்க்கு வெக்காம பாதியில எந்திரிக்கலாமா?" என்று கேட்டாள். மேகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "இவங்கப்பா டி.பி.ல எறந்துட்டாருங்க. இவளுக்கும் அதானான்னு பாருங்க." அந்த ஒரு வரி அவர் கையில் கிடைத்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. கட்டியில் ஊசி குத்தி எடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்னப் பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாதாம், அதனால் மறுநாள் விடியற்காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, விழுங்கியிருந்த சளியை எடுத்தார்கள். அவள் உன்னைக் கூப்பிட்டு அழுதாள். அப்பா, அப்பா என்று. நான் வராந்தாவில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அதுதான். நுரையீரலிலும் கழுத்துக் கட்டியிலும் இருக்கிறது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு எடை கொறஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அங்கே டி.பி. பிரிவில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். மேகலாவைச் சோதித்து இல்லை என்று ஆன பிறகு, உன்னோடு கேபினில் படுத்த எல்லோர் பேரையும் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் உன் கதையைச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "மருந்து இருக்குதுங்க, இலவசமாத் தர்றோம். ஆளைக் கண்டுபிடிக்கறதுதான் முடியல. நம்ம ஊர் மட்டுமில்ல, உலகம் பூரா இதே பாடுதான். வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேரு, தனக்கு என்ன இருக்குதுன்னே தெரியாம இருமிட்டு நடமாடறாங்க. உங்க மாப்பிள்ளை பாவம், தானே வந்து காட்டி, கண்டுபிடிச்சும் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் தொலைஞ்சிருக்கார்."

நம் பக்கத்து ரிக் போகாத தேசமே கிடையாது என்று பெருமை பேசுவோமே, ஞாபகம் இருக்கிறதா? ராஜஸ்தானிலும் ஆப்பிரிக்காவிலும் நம் ஊர் டி.என். 34 நம்பர் வண்டியைப் பார்த்தால் போட்டோ எடுத்து அனுப்புவோம். வண்டி போகிற இடமெல்லாம் இருமலும் போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தோமா? ஆறு பேர் ஒரு கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுக்கிறோம். ஒருவன் இருமினால் தூசி என்று வெல்லத்தை நீட்டுகிறோம். இப்படி இன்னும் எத்தனை வண்டியில் எத்தனை குமரேசன்?

நம் கேபின் ஆட்களில் நான் உட்பட நாலு பேருக்குச் சோதனை பார்த்தாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லையாம். அந்த ரிசல்ட் வந்தபோது சந்தோஷப்படத் தோன்றவில்லை. மேச்சேரிக்காரனுக்கு இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்துவிட்டான். சத்தீஸ்கர் புத்ராமைத்தான் இன்னும் காணவில்லை. நீ இருக்கும்போதே அவனும் இருமிக்கொண்டிருந்தான், சொந்த ஊருக்குப் போகிறேன் என்று போய்விட்டான். தினமும் அவனுக்குப் போன் போடுகிறேன். அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறான். விட்டு வந்த இடத்திலிருந்து போன் வந்தால் எடுக்கக் கூடாது என்று அவனுக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். சிஸ்டர் அவன் ஜில்லாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். ஊர்ப் பேர் கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், அவன் ஊர் எது என்று நான் கேட்டதில்லை.

யாழினி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குத்தான் மேகலா என்னிடம் பேசினாள்.

"ஆறு மாசம் மாத்தர குடுக்கோணுமாம். தெனமும் நீங்கதான் வந்து குடுக்கோணும். ரிக்குக்குப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"போகல அம்மணி."

"ஒரு நாளைக்கு வல்லீன்னாலும் பொறவு வராதீங்க."

அவ்வளவுதான். மன்னித்தாளா, தண்டித்தாளா, எனக்குத் தெரியவில்லை. ரிக் வேலையை விட்டுவிட்டேன். தினமும் காலையில் ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்கிறேன். அவள் ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாத்திரையை அதில் போட்டால் கரைந்துவிடும். பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். சில நாள் வாந்தி எடுத்துவிடுவாள். சாயங்காலம் காய்ச்சல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. எடை ஏறவே இல்லை. மருந்து பிடிக்க நாளாகும் என்கிறார் டாக்டர். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதையாவது மறைக்கிறாரோ என்று. மறைக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே.

எனக்குப் பயமாக இருக்கிறது, குமரேசா. இவ்வளவு பயம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ராத்திரியானால் அவள் மூச்சு விடுகிறாளா என்று போய்ப் பார்க்க வேண்டும் போல் இருக்கும். அந்த உரிமை எனக்கு இப்போது இல்லை, காலை ஏழு மணிதான் எனக்குக் கொடுத்த நேரம். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யாரிடம் கேட்பது?

நேற்றுக் காலையில் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "மாமா, அப்பாவுக்கு இந்த மாத்தர குடுத்தீங்களா?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மேகலா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சமாளிக்க எனக்கு ஆயிரம் பதில் வரும். அப்பாவுக்கு வேற மாத்திரை கண்ணு, அப்பாவுக்கு வேற வியாதி கண்ணு என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"இல்ல சாமி" என்றேன். "குடுத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. மாமாதான் குடுக்காம உட்டுட்டேன்."

ஆறு வயசுப் பிள்ளை அதில் எதைப் புரிந்துகொண்டதோ, எனக்குத் தெரியவில்லை. அவள் டம்ளரை வாங்கி, மூக்கைப் பிடிக்காமல், ஒரே மூச்சில் குடித்தாள். குடித்து முடித்து, காலி டம்ளரை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

இன்றைக்கு அவளுக்கு ஐம்பத்து மூன்றாவது நாள். மீதி இருக்கிற ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். அவள் வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடியும் கரைப்பேன். புத்ராமின் ஊரை விசாரித்துக்கொண்டே இருப்பேன். ரிக் கிளம்புகிற ஷெட் ஒவ்வொன்றுக்கும் போய், இருமுகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சளி கொடுக்க வைப்பேன், முடிவு தெரிகிற வரைக்கும் வண்டியை நகரவிடமாட்டேன். என்ன நடந்தது என்று கேட்டால் உன் பேரையும் சொல்வேன், என் பேரையும் சொல்வேன்.

உன் மகளை உனக்கு மறுபடியும் காட்ட முடியாது. உயிரோடு வைத்திருப்பேன், அது மட்டும் சத்தியம்.

உன் மேகலாவின் அண்ணன்,
யாழினியின் தாய்மாமன்,
செல்வராசு